பத்து வழங்கல் இருந்தால் அது பன்மையா? கட்டற்ற இயங்குதளங்களும் ஏகபோகமும்

#1 வடம்தேடி

கட்டற்ற இயங்குதளம் என்றாலே இன்று நடைமுறையில் லினக்ஸ்தான். வழங்கி (சர்வர்), திசைவி, கைப்பேசி எல்லாவற்றிலும் அதன் கர்னலே, அதாவது மைய நிரலே, ஓடுகிறது. அப்படியிருக்க ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி என்ற பிஎஸ்டி குடும்ப இயங்குதளங்களின் தனித்தனிக் குழுக்கள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது உழைப்பு விரயம் இல்லையா? ஒரே வைஃபை சில்லுக்கு நாலு இடத்தில் டிரைவர் எழுதுகிறார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பிழைகள் சீக்கிரம் தீருமே.

"பன்மை நல்லது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். பல இயங்குதளங்கள் இருந்ததால் எந்தப் பாதுகாப்பு ஓட்டை எங்கே நின்றது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பன்மை உதவாமல் போன இடங்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

#2 கர்னல்வாசி

தொலைவிலிருந்து வழங்கிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் நிரலில் 2024 ஜூலை 1 அன்று வெளியான ஓட்டையைப் பாருங்கள், ஓட்டைப் பட்டியல் எண் சிவிஇ-2024-6387. உங்கள் கேள்விக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது, ஏனென்றால் மேலே ஓடிய நிரல் எல்லா இடத்திலும் ஒன்றுதான். காலடியில் இருந்த தரைதான் வேறு.

உள்ளே நுழைய வருபவருக்கு அதன் வழங்கிப் பகுதியான எஸ்எஸ்எச்டி இயல்பாக 120 விநாடி தருகிறது. அதற்குள் சாவியோ கடவுச்சொல்லோ வரவில்லை என்றால் அலாரம் சிக்னல் அடிக்கும். சிக்னல் அடித்த நொடியில் நிரல் எந்த வேலையில் இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு, சிக்னலைக் கவனிக்கும் ஃபங்ஷனுக்குத் தாவும். அந்த ஃபங்ஷன் "நேரம் முடிந்தது" என்று குறித்துவைக்க சிஸ்லாக்கைக் கூப்பிட்டது. லினக்ஸில் பரவலான சி நூலகமான ஜிலிப்சியில் சிஸ்லாக் உள்ளே போய், நினைவகம் ஒதுக்கும் மாலக்கைக் கூப்பிடும். பாதியில் விடப்பட்ட வேலையும் மாலக்காகவே இருந்தால், ஹீப்பின் (அப்படி ஒதுக்கும் நினைவகத்தின்) பட்டியல் அரைகுறையாக எழுதப்பட்ட நிலையில் மறுபடி கைவைக்கப்படுகிறது. அந்த இடுக்கில் புகுந்து ரூட் (முழு அதிகாரம்) வரை போக முடியும் என்று குவாலிஸ் பாதுகாப்பு நிறுவனத்தின் குழு 32 பிட் லினக்ஸில் செய்து காட்டியது. நேரம் பொருந்தி வரச் சராசரியாகப் பத்தாயிரம் முயற்சி.

ஓபன்பிஎஸ்டியில் இது பலிக்கவில்லை. சிக்னலுக்கு நடுவில் கூப்பிட்டாலும் ஆபத்தில்லாத, மாலக் பக்கமே போகாத சிஸ்லாக் ஒன்றை அவர்கள் 2001லேயே எழுதி வைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச்டி அங்கே அதைத்தான் கூப்பிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது 2006இல் ஒருமுறை அடைக்கப்பட்ட ஓட்டை. 2020 அக்டோபரில் செய்த ஒரு திருத்தத்தில் தவறுதலாக மறுபடி திறந்து, 8.5 வெளியீட்டிலிருந்து 9.8 வரும்வரை இருந்தது. மனிதர்கள் அதே தவறை மறுபடி செய்வார்கள். அப்போது எல்லா வழங்கியும் ஒரே தரையில் நிற்காமல் இருப்பது முக்கியம்.

9.8க்கு உடனே போக முடியாதவர்கள் செய்த தற்காலிக ஏற்பாடு, அந்த 120ஐ 0 ஆக்குவது. அலாரமே அடிக்காது, ஓட்டையும் மூடும். ஆனால் உள்ளே வராமல் வாசலில் நிற்கும் இணைப்புகள் தாமாகக் கலையா. இயல்பு வரம்பு 100, அது நிரம்பினால் உங்களாலேயே நுழைய முடியாது. அப்படியானாலும் ரூட் அதிகாரம் பறிபோவதற்கு இது எவ்வளவோ மேல்.

#3 பொதிகாரன்

கர்னல்வாசி சொன்னதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது: வழங்கல்களின் (லினக்ஸ் கர்னலோடு மற்ற நிரல்களைச் சேர்த்துத் தருபவை) பெயர்களை எண்ணுவதில் பயனில்லை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் நான்கிலும் ஜிலிப்சிதான். அந்த ஓட்டையைப் பொறுத்தவரை நான்கும் ஒன்று.

எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் ஒளித்து வைக்கப்பட்ட பின்கதவு (2024 மார்ச் 29, சிவிஇ-2024-3094) இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்புகளிலும் நஞ்சு இருந்தது. எஸ்எஸ்எச்டிக்குச் சுருக்க நூலகம் தேவையே இல்லை. ஆனால் டெபியனும் ஃபெடோராவும் "நான் தயார்" என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக எஸ்எஸ்எச்டியை லிப்சிஸ்டம்டியோடு இணைத்தன. லிப்சிஸ்டம்டி எக்ஸ்இசட்டின் நூலகமான லிப்எல்இசட்எம்ஏவை இழுத்து வந்தது. நஞ்சு அந்த வழியாக ஏறியது. நஞ்சின் பில்ட் ஸ்கிரிப்டே 64 பிட் இன்டெல் வகை லினக்ஸா, ஜிசிசி கம்பைலரா, டெபியன் பொதியோ ஆர்பிஎம் பொதியோ கட்டப்படுகிறதா என்றெல்லாம் பார்த்து, ஆம் என்றால் மட்டுமே வேலையைத் தொடங்கியது. எழுதியவர் கூட்டம் எங்கே அதிகமோ அங்கே குறி வைத்திருக்கிறார். ஆர்ச்சில் அதே பதிப்பு இருந்தும் எஸ்எஸ்எச்டி அந்த நூலகத்தோடு இணைக்கப்படவில்லை. ஆல்பைன் வழங்கலில் ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற சி நூலகம், சிஸ்டம்டியும் இல்லை. பிஎஸ்டிகள் குறியிலேயே இல்லை.

உங்கள் எஸ்எஸ்எச்டி எதையெல்லாம் இழுக்கிறது என்று பார்க்க எல்டிடி கட்டளையை ஓட்டாதீர்கள். சந்தேகப்படும் கோப்பை அது உண்மையில் ஏற்றியே பார்க்கக்கூடும். ரீட்எல்ஃப் கட்டளையை 'டி' தெரிவோடு ஓட்டினால் கோப்பைப் படிக்க மட்டும் செய்யும். ஆனால் நேரடித் தேவைகள் மட்டுமே தெரியும். முதலில் எஸ்எஸ்எச்டி, அதில் லிப்சிஸ்டம்டி தெரிந்தால் அடுத்து அந்த நூலகக் கோப்பு என்று படிப்படியாக இறங்க வேண்டும். எக்ஸ்இசட் சிக்கல் இரண்டாம் படியில்தான் இருந்தது.

"தயார்" என்று சொல்ல ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஓபன்எஸ்எஸ்எச் 9.8இல் அதைத் தாங்களே எழுதிவிட்டார்கள். இதற்காக வேறு நூலகம் வேண்டியதில்லை.

#4 ஷெல்முத்து

எல்லாம் சரிதாங்க. ஆனா பன்மையே ஓட்டையை உண்டாக்கின கதையும் சொல்லணும்ல? எஸ்எஸ்எச்டியை லிப்சிஸ்டம்டியோட ஒட்டினதே வழங்கல்காரங்க போட்ட பேட்ச்தான். மூலக் குழு அப்படிப் பண்ணவே இல்லை.

அதுக்கும் முன்னாடி, டெபியன்ல குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் விவகாரம். 2006ல ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுதுன்னு ரெண்டு வரியை எடுத்தாங்க. அதுல ஒரு வரிதான் சீரற்ற எண்ணுக்கான விதையைக் கலக்கற வரி. மிஞ்சினது பிராசஸ் எண் மட்டும். ஆக ஒரு வகை, ஒரு அளவு, ஒரு பிராசசருக்கு மொத்தமே 32,767 சாவிதான் உருவாக முடியும். 2008 மே 13 அன்னைக்குத்தான் இது வெளியே வந்துச்சு. ஒரே மூலநிரலை எல்லாரும் அப்படியே எடுத்திருந்தா இது நடந்திருக்காது.

#5 கர்னல்வாசி

ஒப்புக்கொள்கிறேன். ஓட்டை டெபியன் குடும்பத்துக்குள் அடங்கியது என்றும் சொல்ல மாட்டேன், அது உண்மையில்லை. டெபியனில் உருவான சாவி ஒரு ஃப்ரீபிஎஸ்டி வழங்கியின் அனுமதிப் பட்டியலில் இருந்தால் அந்த வழங்கியும் திறந்துதான் கிடந்தது. டிஎஸ்ஏ என்ற வகைச் சாவி இன்னும் மோசம். நல்ல இடத்தில் உருவாக்கியிருந்தாலும், பாதிக்கப்பட்ட கணினியில் ஒருமுறை பயன்படுத்தினாலே அதைக் கைவிட வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே நிரலை ஆளுக்கொரு விதமாக ஒட்டுப்போடுவது வேறு, ஒரே தேவைக்குச் சுதந்திரமாக இரண்டு நிரல் எழுதுவது வேறு. முன்னதில், எழுதியவருக்குத் தெரியாத மாற்றங்கள் சேர்கின்றன. நான் பன்மை என்று சொல்வது பின்னதை.

#6 வடம்தேடி

இந்தப் பிரிவு எனக்குப் புதிது, நன்றி. பாதுகாப்பு வாதம் புரிகிறது. உழைப்பு விரயம் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

#7 நாட்காட்டி

வடம்தேடி, அதற்கு 2038 சிக்கலைப் பாருங்கள்.

நேரத்தை விநாடி எண்ணிக்கையாக 32 பிட் எண்ணில் வைத்தால் 2038 ஜனவரி 19, ஒருங்கிணைந்த உலக நேரம் 03:14:07உடன் எண்ணிக்கை தீர்ந்துவிடும். அடுத்த விநாடி 1901க்குப் போகும். 64 பிட்டாக மாற்றினால் தீர்ந்தது என்று சொல்வது எளிது. உண்மையில் நேரத்தைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்ட்ரக்ட்டின் (தரவுக் கட்டமைப்பின்) அளவும் மாறுகிறது. பழைய நிரலும் புது நூலகமும் ஒரே நினைவகத்தைப் பார்த்து, புலங்கள் வெவ்வேறு இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நிரல் விழுந்தால் நல்லது. விழாமல் தவறான எண்ணை எழுதிக்கொண்டே போனால்தான் ஆபத்து.

நெட்பிஎஸ்டி 2012இல் 6.0 வெளியீட்டில் மாறியது. பழைய சிஸ்டம் கால்களையும் (கர்னலைக் கூப்பிடும் வழிகளையும்) பக்கத்தில் வைத்துக்கொண்டதால் பழைய நிரல்கள் ஓடின. ஓபன்பிஎஸ்டி 2014 மே மாதம் 5.5இல் மாறியது, பழையதை அப்படியே கைவிட்டு. கர்னல், சி நூலகம், அடிப்படைக் கருவிகள் மூன்றும் ஒரே மரத்தில் இருப்பதால்தான் அது முடிந்தது. அதோடு நிற்காமல் மற்றவர்களின் நிரல்களில் நேரத்தை "லாங்" என்று அச்சிடும் இடங்களைத் தேடி, "லாங் லாங்" ஆக்கித் திருத்தி, மூலக் குழுக்களுக்கே அனுப்பினார்கள்.

32 பிட் லினக்ஸ் கர்னலில் இது 2020இல் 5.6 பதிப்போடு முழுமை பெற்றது. ஜிலிப்சி 2021இல், 2.34இல். டெபியன் தன் பொதிகளை மாற்றிய பெரும் வேலை 2024இல் நடந்து, 2025இல் 13ஆம் வெளியீடாக வந்தது. லினக்ஸுக்கு அவ்வளவு காலம் ஆனதைக் குறை சொல்ல முடியாது. உடைக்கவே கூடாத பயனர் கூட்டம் அங்கே பெரிது. சிறிய இயங்குதளம் முன்னால் போய் முள்ளைப் பொறுக்கியதால் பின்னால் வந்தவர்களின் வழியில் முள் குறைந்தது. அதை விரயம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

நிரல்களைச் சிறையறை போலப் பிரித்து வைக்கும் முறை ஃப்ரீபிஎஸ்டி 4.0இல் 2000ஆம் ஆண்டே வந்தது. எல்லைக்குள் எழுதும் சரம் நகலெடுப்பு ஃபங்ஷன் ஓபன்பிஎஸ்டியில் 1998இல் வந்து, ஜிலிப்சிக்கு 2023இல்தான் போனது. ஒரே வாசலாக இருந்து அந்த வாசல் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், அது நல்ல யோசனையா என்று ஓட்டிப் பார்க்கவே இடம் இருந்திருக்காது.

#8 பிணையவலை

"அப்படியானால் தீச்சுவரை பிஎஸ்டியில் வைத்தால் உள்ளே லினக்ஸ் பத்திரம்" என்று சிலர் அவசரமாக முடிவு கட்டுவார்கள். அது எல்லா ஓட்டைக்கும் பொருந்தாது.

2019 ஜூன் 17 அன்று வந்த சாக் பேனிக் (சிவிஇ-2019-11477) லினக்ஸ் 2.6.29 முதலான கர்னல்களை விசேஷமாகச் செதுக்கிய டிசிபி (இணைய இணைப்பு நெறிமுறை) பொட்டலங்களால் விழவைத்தது. முன்னால் நிற்பது வெறும் பொட்டல வடிகட்டி என்றால் இணைப்பின் மறுமுனை இன்னமும் லினக்ஸ்தான். பொட்டலம் கடந்து போய் அங்கேதான் வெடிக்கும். முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸி இருந்தால் வெளி இணைப்பு பிராக்ஸியின் டிசிபி அடுக்கிலேயே முடிந்து, உள்ளே புது இணைப்பு தொடங்கும். அப்போதுதான் பிராக்ஸியின் இயங்குதளம் வேறாக இருப்பதற்குப் பொருள் உண்டு. பேட்ச் வரும்வரை 500க்கும் குறைவான எம்எஸ்எஸ் (ஒரு பொட்டலத்தில் ஏற்கும் அதிகபட்சத் தரவு அளவு) கேட்கும் இணைப்புகளைத் தள்ளிவிடுவதும் வழியாக இருந்தது.

இரட்டைத் தீச்சுவர் ஜோடியில் ஒன்று லினக்ஸ், ஒன்று ஓபன்பிஎஸ்டி என்று கலக்காதீர்கள். இணைப்பு நிலை அட்டவணையை ஓபன்பிஎஸ்டியின் தீச்சுவரான பிஎஃப் ஒரு விதமாகவும் லினக்ஸ் வேறு விதமாகவும் பரிமாறுகின்றன, ஒன்றுக்கொன்று புரியாது. மாற்றம் நடந்த கணத்தில் இருந்த இணைப்பெல்லாம் அறும். ஜோடிக்குள் ஒரே வகை, அடுக்குக்கு அடுக்கு வேறு வகை. இதுதான் ஓடும்.

இரண்டு அடுக்கும் ஒரே பிணையத் துண்டில் இருந்தால் இன்னொரு வலை. ஒரு கணினி விழுந்தால் அதன் முகவரியை இன்னொன்று ஏற்க உதவும் ஓபன்பிஎஸ்டியின் கார்ப், லினக்ஸில் பயன்படும் விஆர்ஆர்பி இரண்டும் ஐபி நெறிமுறை எண் 112ஐத்தான் பயன்படுத்துகின்றன. மெய்நிகர் மேக் முகவரியில் (பிணைய அட்டை அளவிலான முகவரி) முதல் ஐந்து பைட்டும் இரண்டிலும் ஒன்றே, கடைசி பைட்டில்தான் குழு எண். இரண்டும் மெய்நிகர் மேக்கைப் பயன்படுத்தும்படி அமைத்து, குழு எண்ணையும் 1 என்று விட்டுவிட்டால் ஸ்விட்ச் ஒரே மேக்கை இரண்டு போர்ட்டில் மாறி மாறிக் கற்கும். அறிகுறி: முழுதாக அறாது, சில விநாடிக்கு ஒருமுறை பொட்டலம் தொலையும். 112 எண்ணை மட்டும் வடிகட்டி, பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் பார்த்தால் இரண்டு அறிவிப்பும் வரிசையாகத் தெரியும். 1 முதல் 255 வரை இருக்கிறது, வேறு எண் கொடுங்கள்.

#9 வடம்தேடி

இரண்டு மூன்று பேர் கொண்ட குழு எங்கிருந்து தொடங்கலாம்? உற்பத்தி வழங்கிகளை உடனே இரண்டு வகையாகப் பிரிக்க ஆள் பலம் இருக்காது.

#10 ஷெல்முத்து

உற்பத்தியைத் தொடவே வேண்டாங்க. தானியங்கிச் சோதனையில ரெண்டு வரிசை சேருங்க: ஆல்பைன் ஒண்ணு, ஃப்ரீபிஎஸ்டி ஒண்ணு. முதல் நாளே உடையற இடங்கள் இதுங்க.

பேஷ் ஷெல் எப்பவும் 'பின்' (/bin) அடைவுல இருக்கும்னு முதல் வரியில எழுதியிருப்பீங்க. ஃப்ரீபிஎஸ்டியில அது லோக்கல் அடைவுக்குள்ள, அதுவும் தனியா நிறுவினாத்தான். பேஷுக்கே உரிய வசதி வேணும்னா என்வ் கட்டளை வழியாக் கூப்பிடுங்க. வேணாம்னா வெறும் எஸ்எச்ல எழுதுங்க. இது சுத்தம் பார்க்கற விஷயம் மட்டும் இல்லை. 2014 செப்டம்பர் 24 பேஷ்ல ஷெல்ஷாக் ஓட்டை வந்தப்போ, டெபியன்ல எஸ்எச்ங்கறது டேஷ்னு வேற ஷெல். அதனால எஸ்எச் வழியாப் போன எத்தனையோ அழைப்பு பேஷைத் தொடாமலே தப்பிச்சுது.

கோப்புல வரிகளை மாத்தற செட் (sed) கட்டளையோட 'ஐ' தெரிவு அடுத்தது. குனு செட்ல பின்னொட்டு கொடுக்காம விடலாம். ஃப்ரீபிஎஸ்டியில அடுத்து வர்ற சொல்லையே பின்னொட்டுன்னு எடுத்துக்கும். அப்போ நீங்க எழுதின மாற்று விதி பின்னொட்டா ஆகிடும், கோப்பு பேரைக் கட்டளைன்னு படிக்கப் பார்த்துப் பிழை சொல்லும். பின்னொட்டை 'ஐ'யோட இடைவெளி விடாம ஒட்டி எழுதினா ரெண்டுலயும் ஓடும், கடைசியில அந்த நகலை அழிச்சிடுங்க.

ஆல்பைன்ல வேற மாதிரி. மஸ்ல்ல புது இழைக்கு (த்ரெட்) ஸ்டாக் நினைவகம் இயல்பா 128 கிலோபைட், ஜிலிப்சியில பெரும்பாலும் 8 மெகாபைட். தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு ஆழமாப் போற (ரிகர்ஷன்) நிரல் அங்க காரணமே சொல்லாம விழும். இழை உருவாக்கும்போதே ஸ்டாக் அளவைச் சொல்லிடுங்க. அப்புறம் 1.2.4க்கு முந்தின மஸ்ல்ல, பேரை முகவரியா மாத்தித் தர்ற டிஎன்எஸ் பதில் பெரிசாகி வெட்டுப்பட்டா டிசிபியில மறுபடி கேக்காது. முகவரி நிறைய இருக்கற பேருக்கு மட்டும் பாதிப் பட்டியல்தான் வரும். ஆல்பைன் 3.18ல இருந்து சரியாயிடுச்சு.

இப்படி வர்ற பிழையில பாதி உங்க நிரல்ல ஏற்கெனவே இருக்கற பிழைதான். ஒரே மேடையில ஓடினதால தெரியல, அவ்வளவுதான்.

#11 பொதிகாரன்

நிரல் பன்மை மட்டும் போதாது, உரிமையாளர் பன்மையும் வேண்டும். 2020 டிசம்பர் 8 அன்று சென்ட்ஓஎஸ் 8 வழங்கலின் ஆதரவுக் காலம் 2029 மே மாதத்திலிருந்து 2021 டிசம்பர் 31க்குக் குறுக்கப்பட்டது. அதை நம்பித் திட்டம் போட்டவர்களுக்கு ஓராண்டுதான் மிச்சம். மூலநிரல் கட்டற்றதாக இருந்ததால் ஆல்மாலினக்ஸ் 2021 மார்ச்சிலும் ராக்கி லினக்ஸ் ஜூனிலும் வந்துவிட்டன. பொதிகளின் களஞ்சியத்தை மாற்றி, இருந்த இடத்திலேயே மாறிக்கொள்ள முடிந்தது.

நிரலைப் பொறுத்தவரை இவை எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஒன்றில் ஓட்டை என்றால் பெரும்பாலும் மற்றதிலும் ஓட்டை. ஆனால் ஒரு நிறுவனம் முடிவை மாற்றினால் தப்ப இது உதவியது. எந்த ஆபத்துக்கு எந்தப் பன்மை என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

#12 பிணையவலை

பன்மை உதவாத இடத்தையும் கேட்டிருந்தீர்கள். டிஎன்எஸ் உலகம் இந்தப் பாடத்தை வெகு காலத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டது. எல்லா ரூட் வழங்கியும் (டிஎன்எஸ்ஸின் உச்சி வழங்கிகள்) பைண்ட் என்ற நிரல் ஒன்றையே நம்பக் கூடாது என்று என்எஸ்டி தனியாக எழுதப்பட்டது. அந்த வழங்கிகளில் ஒன்றான கே ரூட் 2003இல் அதற்கு மாறியது. 2024 பிப்ரவரியில் கீட்ராப் ஓட்டை வந்தபோதோ பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ், நாட் என்று டிஎன்எஸ் பதில்களின் கையொப்பத்தை (டிஎன்எஸ்செக்) சரிபார்க்கும் நிரல்கள் ஏறக்குறைய எல்லாமே மாட்டின. ஒரே பொட்டலத்தால் மணிக்கணக்கில் சிபியுவைக் கட்டிப்போட முடிந்தது. காரணம், எல்லாச் சாவியையும் எல்லாக் கையொப்பத்தோடும் பொருத்திப் பார் என்று நெறிமுறையே சொன்னது. நாலு பேரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். வரைபடத்தில் கோளாறு என்றால் கொத்தனாரை மாற்றிப் பயனில்லை.

#13 கிடங்குக்காவல்

காப்பு நகல் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் கவலை. "மூலம் லினக்ஸில், நகல் ஃப்ரீபிஎஸ்டியில், இரண்டு இயங்குதளம், பத்திரம்" என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். இரண்டிலும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் 2020இல் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.0 முதல் அது ஒரே நிரல்தொகுதி.

2023 நவம்பரில் வெளிப்பட்ட பிழை இரண்டையும் சேர்த்தே தொட்டது. அப்போதுதான் எழுதப்பட்ட கோப்பை உடனே நகலெடுக்கும்போது, "இங்கே தரவு இருக்கிறதா, வெற்றிடமா" என்று கேட்டால் அரிதாக "வெற்றிடம்" என்று தவறாகப் பதில் வந்தது. நகலெடுக்கும் கட்டளை அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டது, நகலைப் படித்தால் அங்கே சுழியங்கள் வந்தன. லினக்ஸில் பரவலான அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான குனு கோர்யூட்டில்ஸின் 9 வரிசை இப்படிக் கேட்டு நகலெடுப்பதால் அங்கே அதிகம் தென்பட்டது. 2.2.0இன் புது வசதிதான் காரணம் என்று முதலில் நினைத்து 2.2.1இல் அதை அணைத்தார்கள். தோண்டிப் பார்த்தால் வேர் பல ஆண்டு பழையது. 2.2.2, 2.1.14 இரண்டிலும் திருத்தம் வந்தது.

ஸ்கிரப் (வட்டுத் தரவைச் சரிபார்க்கும் வேலை) ஓட்டினால் இது தெரியாது. கோப்பு முறைமையின் கண்ணில் அந்த வெற்றிடமும் முறையாகப் பதிவானதுதான். ஸ்னாப்ஷாட்டை (அந்தக் கணத்து நிலைப்பதிவை) அனுப்பினால் மறுபக்கமும் அதே சுழியத்தைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஆகவே மூன்று நகல் இருந்தால் ஒன்றையாவது கோப்பு அளவில், வேறு கோப்பு முறைமையில் வையுங்கள். எக்ஸ்ட்4 ஆனாலும் ஓபன்பிஎஸ்டியின் எஃப்எஃப்எஸ் ஆனாலும் சரி. நகல் கருவி கணக்கிடும் ஹேஷை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) மட்டும் நம்ப வேண்டாம். கோப்பை உருவாக்கும் நிரலே எழுதும்போது ஷா256 ஹேஷைக் கணக்கிட்டுத் தனிக் கோப்பில் வைக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த மூன்றாம் நகலில் இருந்து கோப்புகளைத் திறந்து ஒப்பிடுங்கள். ஏற்கெனவே கெட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், 4,096 பைட் சுழியத்தோடு தொடங்கும் கோப்புகளைத் தேடிப் பட்டியலிடுங்கள். வட்டுப் படிமம் போன்றவை இயல்பாகவே அப்படித் தொடங்கும், அவற்றைக் கழித்துவிட்டு மீதியைக் கையால் பாருங்கள். சுழியம் கோப்பின் நடுவில் விழுந்திருந்தால் இந்தத் தேடல் பிடிக்காது, ஹேஷ் ஒப்பீடு மட்டுமே பிடிக்கும்.